ஸ்லாட்டா, வீடியோ போக்கரா? நெல்லைப் பக்கத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கோவாவுக்கோ கொழும்புக்கோ சுற்றுலா கிளம்புகிறவர்களில் யாராவது ஒருவர், அங்கே கேசினோவில் (சூதாட்ட விடுதியில்) ஸ்லாட் இயந்திரத்தில் ஆடுவதா, வீடியோ போக்கர் இயந்திரத்தில் ஆடுவதா என்ற பேச்சைப் பெட்டி கட்டும்போதே எடுத்துவிடுவார். எனக்குச் சீட்டுக் கணக்கில் கொஞ்சம் பைத்தியம் உண்டு. ஆடுவதைவிட அதன் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்தான் ருசி அதிகம். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

நம்ம பக்கத்திலிருந்து போகக்கூடிய கேசினோ எங்கே இருக்கு?

தமிழ்நாட்டில் கிடையாது. இந்தியாவுக்குள் கோவாவும் சிக்கிமும்தான் முக்கியமான இடங்கள். கோவாவில் 1976 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992 இல் திருத்தி, ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் இயந்திர ஆட்டங்களை அனுமதித்தார்கள். பிறகு 1996 இல் இன்னொரு திருத்தம் வந்து, தண்ணீரில் நிற்கும் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கும் வழி விட்டது. பணஜியில் மாண்டவி ஆற்றில் விளக்கு போட்டு நிற்கும் கப்பல்கள் அதன் பிறகு வந்தவை. உள்ளே போக 21 வயது ஆகியிருக்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து ஜாம்நகர் போகிற ரயில் மட்காவ் வழியாகத்தான் போகிறது. அதனால் நம் ஆட்களுக்குக் கோவா அவ்வளவு தூரமாகத் தெரிவதில்லை.

வெளிநாடு என்றால் கொழும்பு, சிங்கப்பூர், மலேசியாவின் கெந்திங் மலை. சிங்கப்பூரின் இரண்டு கேசினோக்களும் 2010 இல் திறந்தவை.

இரண்டுமே பொத்தான் அமுக்குற பெட்டிதானே அண்ணாச்சி, அப்புறம் என்ன வித்தியாசம்?

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். இரண்டுக்குள்ளும் எண்களை ஓயாமல் உருட்டிக்கொண்டிருக்கும் ஒரு கணினிச் சில்லு இருக்கிறது. நீங்கள் அமுக்கும் நொடியில் வந்த எண்தான் முடிவு. வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது.

ஸ்லாட்டில் படம் போட்ட உருளைகள் சுற்றி நிற்கும், படங்கள் சேர்ந்தால் பணம். அமுக்கியதோடு உங்கள் வேலை முடிந்தது. வீடியோ போக்கரில் ஐந்து சீட்டு வரும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தள்ளியதற்குப் பதில் புதுச் சீட்டு வரும், கடைசியில் சேர்ந்த ஐந்து சீட்டுக் கை எதுவோ அதற்குப் பணம். எதிரே யாரும் இல்லை. மூஞ்சியைப் பார்த்து ஏமாற்ற வேண்டியதும் இல்லை.

இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. வீடியோ போக்கர் 52 சீட்டுக் கட்டை வைத்து நடக்கிறது. ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960 விதம். இது யார் போட்டாலும் மாறாத கணக்கு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், திரையில் சீட்டைக் காட்டுகிற இயந்திரம் உண்மையான கட்டில் வரும் வாய்ப்பையே தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. அப்படியென்றால் எந்தக் கைக்கு எவ்வளவு என்ற பட்டியலைப் பார்த்தே இயந்திரம் எத்தனை சதவீதம் திருப்பித் தரும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஸ்லாட்டில் அது நடக்காது. ஒவ்வொரு உருளையிலும் எந்தப் படம் எத்தனை முறை வரும்படி வைத்திருக்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் ஒரே மாதிரியான இரண்டு ஸ்லாட்டில் ஒன்று 94 சதவீதமும் மற்றது 88 சதவீதமும் தரலாம். கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை.

விலை எழுதிப் போட்ட கடைக்கும், சாப்பிட்டு முடித்த பிறகு விலை சொல்கிற கடைக்கும் உள்ள வித்தியாசம் இது. முதல் கடை மலிவு என்று அர்த்தமில்லை. ஆனால் விலையைப் பார்த்துவிட்டுப் படி இறங்கி வந்துவிடலாம்.

அப்போ வீடியோ போக்கர்தான் நல்லதுன்னு எடுத்துக்கலாமா?

அவசரப்படாதீர்கள். பட்டியலைப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். பரவலாகக் கிடைக்கும் வகை ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’. ஜாக்கி ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் பணம் உண்டு. அதன் முழு விலைப்பட்டியல், போட்ட ஒரு காசுக்கு (பெட்டியில் ஒரு பந்தய அலகு) இப்படி:

ஜாக்கி அல்லது அதற்கு மேல் ஒரு ஜோடி 1, இரண்டு ஜோடி 2, ஒரே எண் மூன்று 3, ஸ்ட்ரெய்ட் (ஐந்தும் வரிசை) 4, ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே சின்னம்) 6, ஃபுல் ஹவுஸ் (ஒரே எண் மூன்றும் ஒரு ஜோடியும்) 9, ஒரே எண் நான்கு 25, ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் வரிசை) 50, ராயல் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் 10 முதல் ஏஸ் வரை) 800 (ஐந்து காசு போட்டால் மட்டும்).

இதில் நீங்கள் பார்க்க வேண்டியது ஃபுல் ஹவுஸ், ஃப்ளஷ் என்ற இரண்டு வரிகள்தான். கேசினோக்காரர்கள் பெரும்பாலும் கை வைப்பது அங்கேதான். 9, 6 என்று இருந்தால் தப்பில்லாமல் ஆடுகிறவருக்கு 99.54 சதவீதம் திரும்பும். 8, 5 என்றால் 97.30. 7, 5 என்றால் 96.15. 6, 5 என்றால் 95 தான். மற்ற வரிகள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், பெட்டியும் ஒன்றுபோல இருக்கும். அந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் உட்காருகிறவர் ‘நான் வீடியோ போக்கர்தான் ஆடுவேன்’ என்று பெருமைப்பட்டுக்கொள்வதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. ஜாக்கி ஜோடிக்கு ‘1’ என்றால் போட்ட காசு திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதை ஜெயிப்பு என்று எண்ணக்கூடாது. பத்துக் கையில் ஐந்துக்கு மேல் ஒன்றுமே தராது. இன்னும் இரண்டு கை இப்படிப் போட்டதைத் திருப்பித் தரும். மிச்சம் இருக்கும் கைகளில்தான் லாபம்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்தா எவ்வளவு போகும்?

சதவீதம் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். சுற்றின் வேகமும் ஒரு சுற்றுக்குப் போடும் தொகையும் சேர்ந்துதான் உங்கள் பையைக் காலி செய்கின்றன.

ஒரு ஸ்லாட்டில் சுற்றுக்கு 10 ரூபாய் வைத்து மணிக்கு 600 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 ரூபாய் ஓடியிருக்கும். அந்தப் பெட்டி 90 சதவீதம் தருவதாக இருந்தால், சராசரியாக 600 ரூபாய் போகும்.

வீடியோ போக்கரில் காசு 10 ரூபாய், ஐந்து காசு சேர்த்து ஒரு கைக்கு 50. மணிக்கு 500 கை என்றால் ஓடுவது 25,000. பட்டியல் 9, 6 ஆக இருந்து நீங்கள் சரியாகவும் ஆடினால் போவது 115 ரூபாய். அதே பெட்டி 8, 5 என்றால் 675. 6, 5 என்றால் 1,250 ரூபாய்! மட்டமான ஸ்லாட்டில் பத்து ரூபாய் போடுகிறவரைவிட நீங்கள்தான் அதிகம் இழக்கிறீர்கள். இந்தக் கணக்கைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. பேப்பரில் போட்டுப் பாருங்கள்.

மெதுவாக ஆடினால் செலவு குறையும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. வீடியோ போக்கரில் யோசிக்க வேண்டியிருப்பதால் புதிதாக ஆடுகிறவரின் கை தானாகவே மெதுவாகும். அது நல்லதுதான். பக்கத்தில் இருப்பவர் படபடவென்று தட்டுகிறார் என்று நீங்களும் தட்ட வேண்டாம்.

ரொம்ப நேரம் ஒண்ணும் தராத பெட்டி, அடுத்தாப்ல தரும்தானே?

தராது. தரவும் கூடும். முன்னால் தராததற்கும் அடுத்து வருவதற்கும் சம்பந்தமே இல்லை. முந்தின சுற்றில் என்ன நடந்தது என்பது அந்தச் சில்லுக்கு நினைவில் இருக்காது. நீங்கள் எழுந்த இடத்தில் அடுத்தவர் உட்கார்ந்து உடனே அடித்தார் என்றால், அது உங்களுக்கு வர இருந்த பணம் இல்லை. அவர் அமுக்கிய நொடி வேறு, நீங்கள் அமுக்கியிருக்கக்கூடிய நொடி வேறு.

ஸ்லாட்டில் ‘கொஞ்சத்தில் தப்பிவிட்டது’ என்று தோன்றுவதற்கும் ஒரு கதை உண்டு. சார்ல்ஸ் ஃபே 1890களில் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ‘லிபர்ட்டி பெல்’ பெட்டியில் நிஜமான உருளைகள் சுற்றின. உருளையில் எத்தனை படமோ அத்தனைதான் வாய்ப்பு. 1984 இல் டெல்னஸ் என்பவர் ஒரு காப்புரிமை வாங்கினார். அதன்படி கண்ணுக்குத் தெரியும் உருளை வேறு, கணினிக்குள் ஓடும் உருளை வேறு. உள்ளே இருப்பது எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். பெரிய பரிசுப் படத்துக்கு உள்ளே ஒரே ஓர் இடம், அதன் மேலும் கீழும் இருக்கும் வெற்றிடங்களுக்கு நிறைய இடம் என்று வைத்துவிடலாம். அப்போது பரிசுப் படம் அடிக்கடி, படங்கள் சேர வேண்டிய கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். பார்க்கிறவருக்கு நெஞ்சு படபடக்கும். உண்மையில் ஒரு விரற்கடை தள்ளி நின்றாலும் ஒரு மைல் தள்ளி நின்றாலும் ஒன்றுதான்.

இப்படி இருபது பரிசுக் கோடு இருக்கிற பெட்டியில் 20 ரூபாய் போட்டு, 6 ரூபாய் வந்ததற்கு மேளம் கொட்டுவதும் ஸ்லாட்டின் வேலைதான். 14 ரூபாய் போன சத்தம் அது.

லங்கர்கட்டையோடு ஒப்பிட்டா எப்படி?

கொடை விழா ஓரத்தில் துணி விரித்து உருட்டுகிற ஆட்டத்தைச் சொல்கிறார்கள். ஆறு படம், மூன்று கட்டை. வைத்த படம் ஒரு கட்டையில் வந்தால் ஒரு பங்கு, இரண்டில் வந்தால் இரண்டு, மூன்றில் வந்தால் மூன்று பங்கு என்ற வழக்கப்படி, கட்டையில் கள்ளமும் இல்லை என்றால், நடத்துகிறவருக்கு நிற்பது 216 இல் 17 பங்கு; அதாவது 7.87 சதவீதம். வைக்கிறவருக்கு 92 சொச்சம் திரும்பும். சுமாரான ஸ்லாட்டும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் இருக்கிறது. ஏசி, கம்பளம், இலவசக் குளிர்பானம் எல்லாம் உபரி. ஆனால் கட்டையை நிமிடத்துக்குப் பத்து முறை உருட்ட முடியாது, பெட்டியை அமுக்கலாம்.

எதுக்கு ஐந்து காசும் போடணும்? ஒரு காசு போட்டு நிதானமா ஆடலாமே?

வீடியோ போக்கரில் ஒன்றிலிருந்து நான்கு காசு வரை போட்டால் ராயல் ஃப்ளஷுக்குக் காசுக்கு 250 தான். ஐந்தாவது காசு போட்டால் காசுக்கு 800, ஆக மொத்தம் 4,000. ஒரு காசு ஆட்டத்தில் 9, 6 பட்டியல்கூட 98.4 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். ஐந்து காசு போட வசதிப்படவில்லை என்றால், காசின் மதிப்பு குறைந்த பெட்டியைத் தேடுங்கள். 10 ரூபாய்க் காசில் ஒன்று போடுவதைவிட 2 ரூபாய்க் காசில் ஐந்து போடுவது மேல்.

ஆனால் ராயல் ஃப்ளஷ் வருவது ஏறத்தாழ 40,000 கைக்கு ஒன்று. மணிக்கு 500 கை வீதம் 80 மணி நேரம். நான்கு மணி நேரம் ஆடுகிற ஒரு மாலையில் அதைப் பார்க்க நூற்றில் ஐந்து வாய்ப்பு. அது வராத மாலையில் 99.54 இல்லை, 97.5 சதவீத ஆட்டம்தான் நீங்கள் ஆடியிருப்பீர்கள். சதவீதத்தைக் காட்டி ஆசை காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ரம்மி நல்லா ஆடுவேன். அது போதுமா?

சீட்டு பழகிய கண் இருப்பது உதவும். பழக்கம் சில இடத்தில் கவிழ்க்கவும் செய்யும். ரம்மிக்காரருக்கு வரிசை சேர்ப்பதில் மோகம். 4, 5, 6, 7 இருக்கிறது, கூடவே இன்னொரு 5 இருக்கிறது என்றால் கை தானாக வரிசையைப் பிடிக்கும். இங்கே அந்த 5 ஜோடியைப் பிடிக்க வேண்டும். சின்ன ஜோடி, இரண்டு பக்கமும் திறந்த வரிசையைவிட மேல். 10, ஜாக்கி, ராணி, ராஜா என்ற வரிசை மட்டும் விதிவிலக்கு.

நான்கு ஆர்ட்டின் சேர்ந்து ஃப்ளஷுக்கு ஒன்று குறைகிறது, அதில் சின்ன ஜோடி ஒன்றும் இருக்கிறது என்றால் ஜோடியை விட்டு ஃப்ளஷைத் துரத்தலாம். ஜாக்கி அல்லது அதற்கு மேற்பட்ட ஜோடி என்றால் ஜோடிதான், ஃப்ளஷை மறந்துவிட வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர்கள் அதிகம் பிசகுவது ஏஸ் விஷயத்தில். 7 ஜோடியோடு ஒரு ஏஸ் வந்தால் அதையும் சேர்த்துப் பிடித்து வைப்பார்கள். தூக்கி எறியுங்கள். மூன்று புதுச் சீட்டு வாங்கினால்தான் மூன்றாவது 7 வர இடம் கூடும்.

அப்புறம் மனசுக்கு ஒப்பாத ஒன்று. கையில் முடிந்த ஃப்ளஷ் இருக்கிறது, ஆறு பங்கு நிச்சயம். அதில் நான்கு சீட்டு ராயலுக்கு உரியவை என்றால் ஐந்தாவதை உடைத்து ராயலுக்குப் போக வேண்டும். அந்த நான்கு சீட்டின் மதிப்பு சராசரியாகப் பதினெட்டுப் பங்குக்கு மேல். ஐந்தில் நான்கு பேருக்குக் கை நடுங்கும். நடுங்கினாலும் கணக்கு அதுதான்.

எதற்கும் சேராத ஐந்து சீட்டு வந்தால் ஐந்தையும் வீசிவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த விதிகளைப் பாராமல் மனம்போன போக்கில் ஆடினால் மேலே சொன்ன சதவீதங்களிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு குறையும்.

அப்போ ஸ்லாட் யாருக்குத்தான்?

யோசிக்க விரும்பாதவருக்கு. அரை மணி நேரம் விளக்கு மினுங்குவதைப் பார்த்துவிட்டு எழுந்து வரப் போகிறவருக்குக் குறைந்த தொகையில் ஸ்லாட்தான் தோது. அவரைப் பட்டியல் மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். பெரிய பரிசுக் கனவு காண்கிறவருக்கும் ஸ்லாட்தான். வீடியோ போக்கரில் கோடீஸ்வரர் ஆக முடியாது. 2003 இல் லாஸ் வேகாஸில் ‘மெகாபக்ஸ்’ ஸ்லாட் ஒரே சுற்றில் 3.97 கோடி டாலர் தந்திருக்கிறது. அந்த மாதிரிப் பரிசுக்காக மற்ற எல்லாச் சுற்றுகளிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வார்கள். புளியரை தாண்டி ஆரியங்காவில் கேரள லாட்டரி வாங்கி வருகிற நம் ஆட்களுக்கு இந்த வியாபாரம் புரியாததல்ல. லாட்டரி வாரத்தில் ஒரு நாள் வாங்குவது, ஸ்லாட் ஆறு நொடிக்கு ஒரு முறை.

கோவாவில் 9, 6 கிடைச்சா லாபம்தானே?

அரை சதவீதம்தான் பிடிக்கிறார்கள் என்று கணக்குப் போடும்போது வரியை மறக்கக் கூடாது. 2023 அக்டோபரிலிருந்து கேசினோவில் கொடுக்கும் பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு ஆட்டத்துக்கு, எவ்வளவு வரிக்கு என்று ரசீதை வைத்துக் கேளுங்கள். நாற்பதுக்கு முன்னால் அரை சதவீதம் எங்கே நிற்கும்? நல்ல பட்டியல் தேடுவது இங்கே பணம் அதிக நேரம் தாங்குவதற்காகத்தான், லாபத்துக்கு இல்லை.

தம்பி சிங்கப்பூர்ல வேலை பார்க்கான். அவனோட போகலாமா?

வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், 21 வயது வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் ஒரு நாளைக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும். தங்கள் சொந்த மக்கள் உள்ளே போகக் கூடாது என்று ஓர் அரசாங்கமே கட்டணம் வைத்திருக்கிறது என்பதையும் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.

ஃபோன்லயே ஆடலாம்னு விளம்பரம் வருதே?

பணம் கட்டி ஆடுவது என்றால் வேண்டாம். தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்துவிட்டது. மேலும், ஃபோனில் தெரியும் பெட்டிக்குள் உண்மையான 52 சீட்டுதான் இருக்கிறதா என்று பார்க்க உங்களுக்கு வழியே இல்லை. பணம் இல்லாத பயிற்சி ஆட்டத்தில், எந்தச் சீட்டைப் பிடிப்பது என்று பழகிக்கொள்வதில் தவறில்லை. கிளம்புவதற்கு முன் நான் சிபாரிசு செய்வதும் அதுதான்.

எவ்வளவு பணம் கொண்டுபோகணும்?

சினிமாவுக்கும் ஓட்டலுக்கும் செலவழித்தால் திரும்பி வராது என்று தெரிந்தே செலவழிக்கிறோம் இல்லையா, அந்தத் தொகை. ஏடிஎம் கார்டை அறையில் வைத்துவிட்டுப் போங்கள். கந்துவட்டிக்கு வாங்கி ஆட வேண்டாம் என்று நம் மாவட்டத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். போன பணத்தைப் பிடிக்க மறுபடி போக வேண்டும் என்று உள்ளே அரிக்க ஆரம்பித்தால், 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள். கட்டணம் இல்லை.

ஜெயிச்சா வரி உண்டா?

உண்டு. சூதாட்ட வருமானத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் செஸ் என்கிற கூடுதல் வரி தனி. உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குள் வராவிட்டாலும் இது உண்டு. ஒரே பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை 50,000 போய், ஞாயிற்றுக்கிழமை 50,000 வந்தது, கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. போனதைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. வந்த 50,000க்கு வரி கட்ட வேண்டும்.